ஒரு புள்ளி, அரை மீற்றர்

நாரஹேன்பிட்டக் கந்தோரில் என் மேசைக்கு நேரெதிரே
பழைய பணிப்பாளர் ஒட்டிவிட்டுப் போன பூமிப் படம்.
சுவர் ஈரம் ஊறி
ஆபிரிக்கா கொஞ்சம் வீங்கியிருக்கிறது.
இலங்கை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முகில்.
பதினொரு வருடமாக அதன் கீழேதான் பிளேன்டி குடிக்கிறோம்.
நாட்டைக் காணவில்லையென்று
இதுவரை ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை.

விண்ணுக்குப் போய் வந்தவர்கள் சொல்வார்களாம்,
அங்கிருந்து பார்த்தால் எல்லை எதுவும் தெரியாது,
அழுகை வரும்,
இறங்கும்போது வேறு ஆளாகத்தான் இறங்குவோம் என்று.
மிஸ்ரியா வாசித்துக் காட்டினாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
தெரியாத எல்லையைக் கீறுவதற்குத்தானே
எனக்குச் சம்பளம்.

களனி ஆறு பெருகினால் யார் யார் வீட்டுக்குள் வரும்?
அதற்கொரு வரைபடம். வெல்லம்பிட்டி, சேதவத்தை, கொலன்னாவை.
செய்மதிப் படத்தில் கூரை கூரையாக
நான்கு மூலை தொட்டு மூடவேண்டும்.
தகரத்துக்கு ஒரு நிறம், ஓட்டுக்கு ஒரு நிறம்.
ஒரு நாளைக்கு நானூறு குடும்பம்.
மத்தியானச் சோற்றுப் பார்சல் வருமுன்
ஒரு தோட்டம் முழுவதையும் முடித்துவிடுவேன்.

மனிதர் படத்தில் இல்லை.
ஒரு புள்ளி அரை மீற்றர்;
உச்சந்தலையும் இரண்டு தோளும் அதற்குள் அடங்கி
தரையின் நிறத்தோடு போய்விடும்.
நிழல்தான் விழும்.
காலைப் பத்தரை வெயிலில் ஆளுக்கு இரண்டு புள்ளி, கறுப்பாக,
வடமேற்கே சாய்ந்து.
இத்தனை வருடத்தில் நான் எண்ணிய சனமெல்லாம்
இப்படித்தான். நிழல் உண்டு, ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமை தெமட்டகொடைத் துண்டு வந்தது.
என் ஒழுங்கையைப் பிடிக்க எனக்கே நேரமெடுத்தது.
ரயில் பாதையிலிருந்து எண்ணி,
பள்ளிவாசலின் பச்சை, பேக்கரிக்காரரின் புகைக்குழாய்,
பிறகு எங்கள் நீலத் தண்ணீர்த் தாங்கி.
அவ்வளவு சின்னதா?
அதற்குள்தானா கடன், பிள்ளையின் சோதனை,
அவருடைய விடியற்காலை இருமல்,
காஸ் மாற்றிய திகதியை நான் எழுதிவைக்கும் சுவர்?

நான்கு மூலையும் தொட்டேன். மூடவில்லை.

ஜனவரி பதினேழு, பத்து இருபத்தெட்டு.
எங்கள் சிலாப்பின் மேல் ஒரு நிழல்.
அன்றைக்கு லீவு. உடுப்புக் காயப்போட்டேன்.
அது நான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னொன்று.

அந்த மதிலைச் சொல்லவேண்டும்.
நில்மினி வீட்டுத் தாங்கி வழிந்து
எங்கள் சுவர் ஊறியதில் தொடங்கியது.
நாங்கள் மூன்று வரி கல் ஏற்றினோம்.
அதன்மேல் அவர்கள் இரண்டு வரி.
பிறகு இரண்டு வருடம் ஒரு சொல் இல்லை.
மேலிருந்து மதில் தெரியாது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.
நன்றாகத் தெரிகிறது.
எங்கள் இருவரையும்விடக் கறுப்பாக.

ஆனால் இரண்டு நிழலுக்கும் இடையை எண்ணிப் பார்த்தேன்.
மூன்று புள்ளி.
ஒன்றரை மீற்றரில் நின்று
ஒரே நேரம் கொடிக்குக் கை நீட்டியிருக்கிறோம்.
எழுநூறு கிலோமீற்றர் உயரத்தில் போன ஒன்று
கண்டிருக்கிறது.
எனக்குத் தெரியவில்லை.

தலையை நிமிர்த்தினேன். சுவரில் முகில் அப்படியே இருந்தது.
அழுகை வரவில்லை. வந்தது வெட்கம்,
துவாயோடு நிற்கையில் கதவு திறந்துகொண்டதுபோல.

பின்னேரம் வாளியோடு ஏறினேன்.
அந்தப் பக்கம் யாரோ துணி உதறும் சத்தம்.
"நில்மினி" என்றேன்.
அந்தப் பெயர் வாயில் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது.
மிச்சத்தைச் சிங்களத்தில் கேட்டேன்:
"ஜனவரி பதினேழு காலையில்
சிவப்புப் போர்வை ஒன்று காயப்போட்டாயா?"

நெடுநேரம் ஒன்றுமில்லை. ஒரு ரயில் போனது.
பிறகு மதிலுக்கு மேலே
இரண்டு கிளிப் பிடித்த கை, அதன் பின்னால் நெற்றி.

"உனக்கெப்படித் தெரியும்?"

"மேலேயிருந்து பார்த்தேன்."

அண்ணாந்து பார்த்தாள். காகம்கூட இல்லை.

"எந்த மேலே?" என்றாள்.